16-35 லென்ஸில் வேரியபிள் என்டி: வானத்தில் பெருக்கல் குறி மாதிரி நிழல், பழுப்பாகும் கறுப்புத் துணி

வெளிச்சக்கோடு கேட்டது:

வணக்கம். ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா, 16-35 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ், ஃபில்டர் மரை 82 மி.மீ. வீடியோதான் முக்கிய வேலை. நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50, லாக் ப்ரொஃபைல் (பிறகு நிறம் திருத்துவதற்காகத் தட்டையாகப் பதிவாகும் முறை). லாக்கில் ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே இறங்காது. அதனால் வெயிலில் எஃப் 2.8 வைக்க வேரியபிள் என்டி (உள்ளே வரும் ஒளியைக் குறைக்கும் ஃபில்டர், ரிங்கைத் திருப்பி அளவை மாற்றலாம்) மாட்டியிருக்கிறேன். விளிம்பில் "என்டி 2-400" என்று போட்டிருக்கிறது. ரிங்குக்கு எந்த முனையிலும் தடுப்பு கிடையாது, முழு வட்டமாகச் சுற்றும்.

35-இல் படம் ஓரளவு சரியாக வருகிறது. 20-க்குக் கீழே வந்ததும் வானத்தில் பெருக்கல் குறி மாதிரி கரும்பட்டை குறுக்கே விழுகிறது. ரிங்கைக் கொஞ்சம் பின்னால் திருப்பினால் பட்டை போய்விடும், ஆனால் படம் வெளுத்துவிடும். இன்னொன்று, கறுப்புத் துணி சில கிளிப்புகளில் மெரூன் கலந்த பழுப்பாகத் தெரிகிறது. அதே இடத்தில், அதே ஒயிட் பேலன்ஸில், ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுத்தால் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. முகங்களும் பவுடர் அப்பியது போல உயிரில்லாமல் தெரிகின்றன. இதுவும் ஃபில்டரால்தானா என்று புரியவில்லை.

ஃபில்டர் பழுதா? நல்ல தரத்தில் இன்னொரு வேரியபிள் என்டி வாங்கினால் சரியாகுமா, இல்லை அளவு மாறாத ஃபிக்ஸட் என்டிக்கே மாறிவிடலாமா? மாறினால் எத்தனை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) வாங்குவது?


அரைநிழல் எழுதியது:

ஃபில்டர் பழுதில்லை. நீங்கள் சொல்லும் மூன்றும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. வேரியபிள் என்டி என்பது சாம்பல் நிறக் கண்ணாடி கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு போலரைசர்கள், அதாவது தன் அச்சின் திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடுகள். பின்வட்டு லென்ஸ் மரையில் திருகி அசையாமல் நிற்கும், முன்வட்டு ரிங்கோடு சுற்றும். இரண்டின் அச்சும் ஒரே திசையில் இருந்தால் ஒளி அதிகமாக வரும். ஒன்றுக்கொன்று குறுக்காகத் திரும்பத் திரும்ப ஒளி அடைபடும். எவ்வளவு அடைபடும் என்பதற்கு 1809-இலேயே மாலுஸ் விதி சொல்லிவிட்டது: இரண்டு அச்சுக்கும் இடையிலுள்ள கோணத்தின் கொசைன் எவ்வளவோ அதன் வர்க்கம்தான் வெளியே வரும் ஒளியின் பங்கு.

அதை ஸ்டாப் கணக்காக மாற்றிப் பாருங்கள், ரிங்கின் குணம் புரிந்துவிடும். இரண்டு வட்டும் ஒரே திசையில் இருக்கும்போதே ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப் போய்விடும், ஏனென்றால் முதல் போலரைசரே பாதிக்கு மேல் ஒளியை எடுத்துக்கொள்கிறது. (அதனால் "என்டி 2", அதாவது ஒரே ஒரு ஸ்டாப், என்று விளிம்பில் போட்டிருப்பது நடைமுறையில் கிடைக்காது.) அங்கிருந்து 45 டிகிரி திருப்பினால் கூடுதலாக 1 ஸ்டாப், 60 டிகிரியில் 2 ஸ்டாப். 69-இல் 3, 75.5-இல் 4, 80-க்கு ஒட்டி 5, 83-க்கு ஒட்டி 6, 85-இல் 7. முதல் 60 டிகிரி சுற்றலில் கிடைப்பது இரண்டே ஸ்டாப். கடைசி முப்பது டிகிரிக்குள் மீதி எல்லாம் அடைந்துகிடக்கிறது.

பெருக்கல் குறி வருவது அந்தக் கடைசிப் பகுதியில்தான். படத்தின் நடுப்பகுதிக்கு வரும் ஒளி ஃபில்டரில் நேராக விழுகிறது. மூலைக்குப் போகும் ஒளி சாய்ந்து விழுகிறது. சாய்வாக வரும் ஒளிக்கு இரண்டு அச்சுக்கும் இடையிலுள்ள கோணம் நீங்கள் ரிங்கில் வைத்த கோணமாக இருக்காது, சில டிகிரி மாறியிருக்கும். அந்த மாற்றமும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. இரண்டு எதிர்த் திசைகளில் அதிகம், அவற்றுக்கு நடுவிலுள்ள திசைகளில் குறைவு. பட்டை வட்டமாக இல்லாமல் பெருக்கல் குறியாக விழுவது அதனால்தான். இப்போது 3 டிகிரி பிசகு என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 டிகிரியில் இருக்கும்போது 3 டிகிரி பிசகினால் கால் ஸ்டாப்புக்குச் சற்று மேல்தான் வித்தியாசம், கண்ணுக்கே தெரியாது. 80-இலிருந்து 83-க்கு அதே 3 டிகிரி என்றால் முழு ஒரு ஸ்டாப். ஒரே பிசகு, ஒரே லென்ஸ், ஆனால் ரிங் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒன்றுமில்லாமலும் போகும், படத்தையே கெடுக்கவும் செய்யும்.

16 மி.மீ. லென்ஸின் மூலைவிட்டப் பார்வைக் கோணம் 107 டிகிரி. 24-க்கு 84, 35-க்கு 63, 50-க்கு 47. உங்கள் லென்ஸில் 35-இல் தப்பித்து 20-க்குக் கீழே மாட்டிக்கொள்வதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். நல்ல தரத்தில் வாங்கினாலும் இந்த இயற்பியல் மாறப்போவதில்லை. நல்ல ஃபில்டர் செய்யும் வேலை வேறு: ரிங்குக்கு இரு முனையிலும் தடுப்பு வைத்து, ஆபத்தான பகுதிக்குள் கை போகாமல் நிறுத்திவிடும். "2 முதல் 5 ஸ்டாப்" என்று அடக்கமாக எழுதி விற்கப்படும் ஃபில்டர்தான் நேர்மையானது. 400 என்று பெரிய எண் போட்டிருப்பதில் அந்த 8.6 ஸ்டாப்பை வைட் லென்ஸில் ஒருநாளும் பயன்படுத்த முடியாது. ஃபுல் ஃப்ரேமில் நான் வைத்துக்கொள்ளச் சொல்லும் எல்லை: 16-இல் 3, மிஞ்சினால் 4 ஸ்டாப். 24-இல் 5. 35-இல் 6. 50-க்கு மேல் 7 வரை போகலாம். பட்டை அப்பட்டமாகத் தெரிவதற்கு முன்பே வானம் திட்டுத்திட்டாக ஏறி இறங்கத் தொடங்கிவிடும், அதனால் கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து ஒரு ஸ்டாப் பின்னாலேயே நின்றுவிடுங்கள்.

எத்தனை ஸ்டாப் வேண்டும் என்ற கணக்குக்கு வருவோம். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ எவ்வளவோ அதே எண்ணில் ஷட்டர் வைத்தால் எஃப் 16 சரியாக இருக்கும். ஐஎஸ்ஓ 800, 1/800, எஃப் 16. உங்கள் ஷட்டர் 1/50, அதாவது 4 ஸ்டாப் கூடுதல் ஒளி. எஃப் 16-இலிருந்து 2.8-க்கு இன்னும் 5. மொத்தம் 9 ஸ்டாப். 16 மி.மீ.-இல் 9 ஸ்டாப்பை எந்த வேரியபிள் என்டியும் சுத்தமாகத் தராது.

ஆனால் 20 மி.மீ.-இல் எஃப் 2.8 எதற்கு என்று முதலில் யோசியுங்கள். ஆள் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றால் அந்த லென்ஸில் பின்னணி பெரிதாக மங்கப்போவதில்லை. எஃப் 5.6-க்குப் போனால் 7 ஸ்டாப் போதும், எஃப் 8-இல் 6. அதனால் என் தேர்வு, வைட் பக்கத்துக்கு ஃபிக்ஸட் 6 ஸ்டாப். "என்டி 64" அல்லது "1.8" என்று எழுதியிருக்கும், இரண்டும் ஒன்றுதான். வெயிலில் எஃப் 8. வானம் அடர்ந்து மூடினால் வெளிச்சம் 3 ஸ்டாப் குறையும், அப்போது அதே ஃபில்டரில் எஃப் 2.8. இடைப்பட்ட வெளிச்சத்துக்கு அபெர்ச்சரை மூன்றில் ஒரு ஸ்டாப்பாக நகர்த்திக்கொள்ளலாம். 35-ஐ ஒட்டி எடுக்கும்போதும், 50, 85 லென்ஸ்களிலும் வேரியபிள் என்டியை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது அருமையான கருவி.

இரண்டையும் சேர்த்துப் போடுவதாக இருந்தால் 3 ஸ்டாப் ஃபிக்ஸட் (என்டி 8) லென்ஸை ஒட்டி உள்ளே, வேரியபிள் வெளியே. வேரியபிளை 2-இலிருந்து 4 வரை மட்டும் சுற்றினால் மொத்தம் 5-இலிருந்து 7 கிடைக்கும். ஆனால் 16-இல் இரண்டு ஃபில்டரின் விளிம்பும் மூலையில் வெட்டும். 20, 21 போல வந்தால் பெரும்பாலும் தப்பிக்கும். மாட்டிப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.


நிறமாலை எழுதியது:

அரைநிழல் விட்ட இரண்டையும் நான் எடுத்துக்கிறேன், நிறமும் முகமும்.

கறுப்பு பழுப்பாவது அகச்சிவப்புக் கசிவு. சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு கண்ணாடி எல்லா கேமராவிலும் இருக்கு. ஆனா அது முழுசா தடுக்காது, ஆழ்ந்த சிவப்புக்கு அப்பால் கொஞ்சம் விட்டுடும். சாதாரண வெளிச்சத்தில் அந்தக் கொஞ்சம் பொருட்டே இல்லை. வேரியபிள் என்டியில் இருக்கும் போலரைசர் படலம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் குறுக்கில் அடைக்கும், அகச்சிவப்பை ஏறக்குறைய அப்படியே விட்டுடும். நீங்க 8 ஸ்டாப் அடைச்சா தெரியும் ஒளி 256-இல் ஒரு பங்காகிடும், அகச்சிவப்பு அந்த அளவுக்குக் குறையாது. பொருட்டே இல்லாம இருந்தது பல மடங்கு பெரிசாகி சிவப்புச் சேனலில் வந்து உட்கார்ந்துடும்.

இதை கிரேடிங்கில் (எடுத்த பிறகு நிறம் திருத்தறது) சரிசெய்யப் பார்க்காதீங்க. ஒயிட் பேலன்ஸ் பிசகினா படம் முழுக்க ஒரே பக்கம் சாயும், அதைத் திருப்பலாம். இது அப்படி இல்லை. செயற்கை இழைத் துணிகளில் போடற பல கறுப்புச் சாயங்கள் அகச்சிவப்பை நல்லா பிரதிபலிக்கும். பக்கத்திலேயே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பிரதிபலிக்காம இருக்கலாம். ஒரே ஃப்ரேமில் கோட் மெரூன், கேமரா பை கறுப்பு. கோட்டைச் சரிசெய்தா பை பச்சையாகும். பச்சை இலைகளும் அகச்சிவப்பை நிறையத் திருப்பி அனுப்பும், அதனால மரங்கள் மஞ்சள் தட்டின மாதிரி வரும்.

உங்க ஃபில்டரில் இது எத்தனை ஸ்டாப்பில் தொடங்குதுன்னு பார்க்க ஒரு பரீட்சை: கறுப்பு பாலியெஸ்டர் துணி, கறுப்பு பிளாஸ்டிக், ஒரு கிரே கார்டு (சாம்பல் நிற அட்டை), மூணையும் ஒரே ஃப்ரேமில் வெச்சு ஒவ்வொரு அளவிலும் ஒரு ஷாட். கண்டிப்பா வெயிலில் எடுங்க. எல்இடி விளக்கில் அகச்சிவப்பு மிகக் குறைவு, வீட்டுக்குள்ள பரீட்சை பண்ணினா எந்த ஃபில்டரும் பாஸாகிடும். ஃபிக்ஸட் என்டி வாங்கும்போதும் அகச்சிவப்புத் தடுப்பு சேர்த்ததா பார்த்து வாங்குங்க, 6 ஸ்டாப்பில் அது அவசியம். தனியா ஒரு அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டரை மேலே மாட்டறது டெலியில் (தூரத்தை இழுத்துக் காட்டற லென்ஸில்) சரி. பிரதிபலிச்சுத் தடுக்கும் வகையை வைட் லென்ஸில் போட்டா மூலைகளில் நிறம் மாறும், ஒரு சிக்கலை இன்னொரு சிக்கலா மாத்தின கதை.

ஒயிட் பேலன்ஸ்: ஃபில்டர் மாட்டின பிறகு, நீங்க எடுக்கப்போற அளவில் ரிங்கை வெச்சுட்டு, கார்டு பார்த்து செட் பண்ணுங்க. 2 ஸ்டாப்பில் இருக்கும் சாயல் 5 ஸ்டாப்பில் வேற மாதிரி இருக்கும். ரிங்கை ரெண்டு ஸ்டாப்புக்கு மேல திருப்பினா கார்டை மறுபடி காட்டணும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் விட்டா ரிங் திரும்பும்போது ஷாட் நடுவிலேயே நிறம் அலையும்.

இப்போ முகம். உங்க சந்தேகம் சரி, அதுவும் ஃபில்டர்தான். முன்வட்டு ஒரு போலரைசர், கண்ணாடியிலும் தண்ணீரிலும் மினுமினுப்பை எடுக்கிற அதே பொருள். தோலில் எண்ணெயும் வியர்வையும் இருக்கு. நெற்றி, மூக்கு நுனி, கன்னத்து எலும்பு மேல விழும் சின்னச் சின்ன மினுக்குதான் முகத்துக்கு உருண்டை வடிவம் கொடுக்குது. முன்வட்டு ஒரு குறிப்பிட்ட திசையில் நின்னா அந்த மினுக்கு செத்துப்போகும், பவுடர் பூசின மாதிரி ஆகிடும். வெளிச்ச அளவுக்காக நீங்க ரிங்கைத் திருப்பறீங்க, போலரைசர் திசை தானா மாறிக்கிட்டே இருக்கு. ஒரு கிளிப்பில் முகம் நல்லா இருந்து அடுத்ததில் மட்டையாகறதுக்குக் காரணம் இதுதான்.

தீர்வு என்னன்னா, ரிங்கை மட்டும் திருப்பாம ஃபில்டர் மொத்தத்தையும் சேர்த்துத் திருப்பணும். ரெண்டு வட்டும் ஒண்ணா சுத்தினா அவற்றுக்கு நடுவில் இருக்கும் கோணம் மாறாது, அதனால எக்ஸ்போஷர் மாறாது. வெளியில் இருந்து வரும் மினுக்கை எந்தத் திசையில் வெட்டுதுங்கறது மட்டும் மாறும். மானிட்டரில் மூக்கு நுனியைப் பெரிசாக்கி வெச்சுக்கிட்டு மெதுவா சுத்துங்க. மினுக்கு முழுசா போன இடத்தைக் கண்டுபிடிச்சு, அங்கிருந்து சரியா 90 டிகிரி தள்ளினா மினுக்கு அதிகமா நிக்கும் இடம். மரையைத் தளர்த்தி இதைச் செய்யறது ஆபத்து, ஃபில்டர் கழண்டு விழும். காந்த ரிங் வெச்ச ஃபில்டர் இங்கே வசதி, அது இருக்கற இடத்திலேயே சுழலும்.

லேப்டாப், ஃபோன் திரை ஃப்ரேமில் இருந்தா கவனம். எல்சிடி திரையிலிருந்து வர ஒளியே போலரைஸ் ஆனது, ரிங் ஒரு கோணத்துக்கு வந்தா திரை முழுக்கக் கறுத்துடும். கார் கண்ணாடிகளில் புள்ளி புள்ளியா, பட்டை பட்டையா கறை தெரிஞ்சாலும் அழுக்குன்னு நினைச்சுத் துடைக்காதீங்க. பதப்படுத்தின கண்ணாடியில் இருக்கும் இறுக்கம் போலரைசர் வழியா அப்படித் தெரியும்.


மரைவளையம் எழுதியது:

ஒரு சின்னத் திருத்தம் சேர்க்கணும். வானத்தில் விழும் கரும்பட்டை எல்லாமே பெருக்கல் குறி கிடையாது. சூரியனுக்கு 90 டிகிரி தள்ளி இருக்கும் வானப் பகுதி இயல்பாகவே அதிகம் போலரைஸ் ஆகியிருக்கும். வைட் லென்ஸில் அந்தப் பகுதி மட்டும் கருநீலமாகி, ஒரு வளைந்த பட்டை போல வரும். பிரித்தறிய எளிய வழி: கேமராவை மெதுவாகப் பான் செய்யுங்கள் (பக்கவாட்டில் திருப்புங்கள்). பட்டை வானத்தோடு நின்றுகொண்டு ஃப்ரேமில் நகர்ந்தால் அது வானத்தின் போலரைசேஷன், ஃபில்டர் மொத்தத்தையும் சுழற்றிக் குறைக்கலாம். பட்டை ஃப்ரேமோடு ஒட்டிக்கொண்டு வந்தால் பெருக்கல் குறி, ரிங்கைப் பின்வாங்குவதைத் தவிர வழியில்லை. நான்கு மூலையும் மட்டும் வட்டமாக வெட்டுப்பட்டு, ரிங்கை எப்படிச் சுற்றினாலும் மாறாமல் இருந்தால் அது ஃபில்டரின் சட்டம் மறைப்பது.

அப்புறம், 50, 85-க்குத் தனித்தனியாக வாங்க வேண்டாம். 82-ஐயே வைத்துக்கொண்டு 67-82, 77-82 ஸ்டெப்-அப் ரிங் (சின்ன மரையில் பெரிய ஃபில்டரை மாட்டும் வளையம்) போதும். பித்தளையில் வாங்குங்கள். அலுமினியத்தோடு அலுமினியம் இறுகிக்கொள்ளும். வேரியபிள் என்டியில் அது கூடுதல் தலைவலி, ஏனென்றால் நீங்கள் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பதால் மரையும் கூடவே இறுகும் அல்லது கழலும். சிக்கிக்கொண்டால் விரல்களால் இரண்டு பக்கம் அழுத்திப் பிடிக்காதீர்கள், வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். சுற்றிலும் அகலமான ரப்பர் பேண்ட் போட்டு, உள்ளங்கையால் சமமாகப் பற்றி, அழுத்தாமல் திருப்புங்கள். பிடிக்க வேண்டியது சுற்றும் முன்ரிங்கை அல்ல, லென்ஸை ஒட்டிய மெல்லிய பின்விளிம்பை.

டெலியில் இன்னொரு எச்சரிக்கை. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஒட்டிய படலம் முழுச் சமதளமாக இல்லாவிட்டால் 16-இல் தெரியாது, 200-இல் படமே மெத்தென்று ஆகிவிடும். ஆட்டோ ஃபோகஸும் முன்னும் பின்னும் தேடும். டிரைபாடில் வைத்து, தூரத்தில் இருக்கும் எழுத்துப் பலகையை ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்து, நூறு சதவீதத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.


வெளிச்சக்கோடு எழுதியது:

மிக்க நன்றி. பான் செய்து பார்த்ததில் பட்டை ஃப்ரேமோடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது, பெருக்கல் குறியேதான். வைட்டுக்கு 6 ஸ்டாப் ஃபிக்ஸட் வாங்கிவிடுகிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. என் ஃபில்டரின் ரிங்கில் வெறும் கோடுகள்தான் இருக்கின்றன. எந்தக் கோடு எத்தனை ஸ்டாப் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 35-இல் ஓர் ஆளைப் பின்தொடர்ந்து உள்ளிருந்து வெளியே வரும் ஷாட் ஒன்று உண்டு. ஷாட் நடுவில் ரிங்கைத் திருப்புவது சரிவருமா? அபெர்ச்சர் மாற்றினால் படிப்படியாகக் குதிப்பது தெரிகிறது.


அரைநிழல் எழுதியது:

கோடுகள் சம இடைவெளியில் இருந்தால் அவை ஸ்டாப் கிடையாது, வெறும் அலங்காரம். நீங்களே அளந்துகொள்ளலாம், அரைமணி நேர வேலை.

கேமராவை ஃபோட்டோ முறையில், மேனுவலில் வையுங்கள். ஐஎஸ்ஓ, அபெர்ச்சர் இரண்டையும் பூட்டிவிடுங்கள், ஒயிட் பேலன்ஸும் நிலையாக இருக்கட்டும். சீரான பகல் வெளிச்சம் விழும் வெற்றுச் சுவர், 50 மி.மீ. லென்ஸ், டிரைபாட். ஃபோகஸை முடிவிலிக்குத் தள்ளி சுவரை மங்கலாக்குங்கள். எல்இடி வெளிச்சத்தில் செய்யாதீர்கள், வேகமான ஷட்டரில் பட்டை பட்டையாக மின்னி அளவு கெட்டுவிடும். ஃபில்டர் இல்லாமல் 1/1000-இல் ஹிஸ்டோகிராமின் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) மேடு நடுவில் வரும்படி அமையுங்கள். பிறகு ஃபில்டரை மாட்டி, ரிங்கை மிக வெளிச்சமான இடத்தில் வைத்து, மேடு பழைய இடத்துக்கே வரும்வரை ஷட்டரை மெதுவாக்குங்கள். ஷட்டர் டயல் மூன்றில் ஒரு ஸ்டாப்பாக நகரும், மூன்று கிளிக் ஒரு ஸ்டாப். 1/320-இல் மேடு சேர்ந்தால் 5 கிளிக், உங்கள் ஃபில்டரின் குறைந்தபட்சம் 1.7 ஸ்டாப்.

அடுத்து எதிர்ப்பக்கமாக வேலை. ஷட்டரை முதலில் வைத்துவிட்டு, மேடு சேரும்வரை ரிங்கைத் திருப்புங்கள். 1/250 என்றால் 2 ஸ்டாப், 1/125 என்றால் 3, 1/60-இல் 4, 1/30-இல் 5, 1/15-இல் 6. ஒவ்வொரு இடத்திலும் முன்ரிங்கிலும் பின்விளிம்பிலும் நேருக்கு நேர் வெள்ளை பெயின்ட் பேனாவால் மெல்லிய கோடு. முடிந்ததும் ஃபில்டரைக் கழற்றி 1/1000-இல் மறுபடி ஒன்று எடுங்கள். மேடு முதலில் இருந்த இடத்தில் இல்லையென்றால் நடுவில் மேகம் வந்து வெளிச்சம் மாறியிருக்கிறது, திரும்பச் செய்யத்தான் வேண்டும். உங்கள் ஃபில்டரில் தடுப்பு இல்லாததால் 6-க்கு அப்பால் சிவப்புக் கோடு ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள்.

அதே சமயத்தில் வைட் லென்ஸுக்கான எல்லையையும் பார்த்துவிடலாம். 16-35-ஐ மாட்டி, சீராக மூடிய வானத்தை நோக்கி, ஒவ்வொரு கோட்டிலும் ஒரு படம். எடிட்டிங்கில் கான்ட்ராஸ்ட்டை முழுக்க ஏற்றிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத திட்டும் வெளியே வந்துவிடும். ஃபில்டர் இல்லாமல் எடுத்த படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸுக்கே உரிய மூலை இருட்டை ஃபில்டர் மேல் போட்டுவிடக் கூடாது.

உள்ளிருந்து வெளியே வரும் ஷாட்: செய்யலாம், ஆனால் 3 ஸ்டாப்புக்கு மேல் நம்ப வேண்டாம். உள்ளே 2-இல் தொடங்கி வெளியே 5-இல் முடியுங்கள். 35-இல் அது பாதுகாப்பான பகுதி. மீதி வித்தியாசத்தை உள்ளே விளக்கு ஏற்றியும், வாசலுக்கு வெளியே நிழலான பக்கம் நடக்கவைத்தும்தான் ஈடுகட்ட வேண்டும். கையின் வேகம் இங்கே முக்கியம். கணக்குப்படி 2-இலிருந்து 3-க்கு ஏறக்குறைய 21 டிகிரி திருப்ப வேண்டும், 3-இலிருந்து 4-க்கு 12, 4-இலிருந்து 5-க்கு 8 மட்டுமே. ஒரே வேகத்தில் திருப்பினால் படம் முதலில் மெதுவாகவும் கடைசியில் திடீரென்றும் இருட்டும், பார்ப்பவருக்குக் கை தெரிந்துவிடும். வேகமாகத் தொடங்கி, போகப்போக நிதானமாக்குங்கள். ரிங்கில் சின்னக் கைப்பிடி திருகும் வசதி இருந்தால் போடுங்கள். ஒரு விரலால் தள்ளலாம், கேமரா ஆடாது. ஆள் வாசலைக் கடந்து வெளிச்சம் ஃப்ரேமை நிரப்பும் அந்த ஒரு நொடியில் பெரும்பகுதித் திருப்பலும் முடிந்துவிட வேண்டும். ஒயிட் பேலன்ஸை வெளிப்புறத்துக்கு, 5 ஸ்டாப்பில் வைத்தே பூட்டுங்கள்.


மரைவளையம் எழுதியது:

இப்படிப்பட்ட ஷாட் அடிக்கடி உண்டென்றால் லென்ஸுக்கு முன்னால் போடுவதை விட்டுப் பின்னால் போடும் ஏற்பாட்டையும் பாருங்கள். சோனி எஃப்எக்ஸ்6 வீடியோ கேமராவில் உள்ளேயே எலக்ட்ரானிக் என்டி இருக்கிறது. 1/4-இலிருந்து 1/128 வரை, அதாவது 2-இலிருந்து 7 ஸ்டாப் வரை, டயலால் வழுக்கிக்கொண்டு போகலாம். கேனான் இஎஃப் லென்ஸை ஆர்எஃப் பாடியில் மாட்டுபவர்களுக்கு டிராப்-இன் அடாப்டரில் செருகும் வேரியபிள் என்டி உண்டு, 1.5-இலிருந்து 9 ஸ்டாப். லென்ஸுக்குப் பின்னால் ஒளி அவ்வளவு அகலமான கோணத்தில் சாய்வதில்லை, அதனால் முன்னால் திணறும் வைட் லென்ஸ் அங்கே சமாளித்துவிடும்.

கடைசியாக, வானத்தையும் தண்ணீரையும் வேண்டுமென்றே போலரைஸ் செய்ய வேண்டியிருந்தால்: சாதாரண சிபிஎல்லை (வட்டப் போலரைசர் ஃபில்டர்) வேரியபிள் என்டிக்கு முன்னால் திருகுங்கள், பின்னால் போட்டால் பலன் இல்லை. சிபிஎல்லிலிருந்து வெளியே வரும் ஒளி வட்டமாகப் போலரைஸ் ஆனது. என்டியின் முன்வட்டு எந்தத் திசையில் நின்றாலும் அதில் பாதியை விடும், ஆகவே இரண்டும் சண்டை போடாது. விலை, இன்னும் ஒன்றரை ஸ்டாப் போல ஒளி குறையும். ஒழுங்கு முக்கியம்: என்டி ரிங்கைத் திருப்பும்போது அதில் திருகிய சிபிஎல்லும் கூடவே சுற்றிவிடும். முதலில் என்டியில் எக்ஸ்போஷரை முடித்துவிட்டு, பிறகு சிபிஎல்லைத் திருப்புங்கள். என்டி ரிங்கை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ள மறக்க வேண்டாம்.